தகப்பன் மடி

மீனென்றால் செதில் இருக்கும் என்றுதான் நினைப்போம். கடல் குதிரைக்குச் செதில் கிடையாது. தோலுக்கடியில் வளையம் வளையமாக எலும்புத் தகடுகள். குதிரை முகம், குரங்கு வால், பச்சோந்தியைப் போல ஆளுக்கொரு பக்கம் சுழலும் கண்கள். ஆனாலும் செவுளால் மூச்சுவிடும் அசல் மீன்தான் அது.

நீந்துவதில் மகா மந்தம். முதுகுத் துடுப்பை நொடிக்குச் சுமார் 35 முறை அடித்தும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கிறது. அதனால் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் தாழை எனப்படும் கடற்புற்களை வாலால் பற்றிக்கொண்டு, நீரோட்டத்துக்குத் தப்பி நிற்கிறது. இரைப்பையே இல்லாததால் ஓயாமல் தின்றாக வேண்டும். துரத்திப் பிடிக்க முடியாத இந்தப் பிராணிக்கு முகமே தூண்டில். நீரை அதிகம் கலைக்காத வடிவம் அது. சின்னஞ்சிறு உயிர்களைச் சலனமின்றி நெருங்கி, குழல் வாயால் சட்டென்று உறிஞ்சிவிடும்.

பல வகைகளில் ஆணும் பெண்ணும் தினமும் காலையில் சந்திக்கின்றன. நிறம் மாறி, வாலோடு வால் பின்னி, ஒன்றையொன்று சுற்றி ஆடுகின்றன. பிறகு பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பது தகப்பன். அந்த மடிக்குள் கருக்களுக்கு உயிர்வளி கிடைக்கிறது, ஊட்டம் கிடைக்கிறது. வெளியே காத்திருக்கும் கடலுக்குப் பழக்குவதுபோல், உள்ளிருக்கும் உப்பும் மெல்ல மெல்லக் கூடுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் தகப்பனுக்குப் பிரசவ வலி. உடல் வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது.

நம் கடலில் இன்னொரு மடியும் உண்டு: விசைப்படகின் இழுவை மடி. இறாலுக்காக அடித்தரையை அரித்துக்கொண்டு போகும் அந்த வலையில் தாழையும் பிடுங்கப்படுகிறது, தாழையைப் பற்றியிருந்த கடல் குதிரையும் சிக்குகிறது. சிக்கியதைக் காயவைத்தால் கிழக்காசிய மருந்துச் சந்தையில் விலை உண்டு. இந்தியா 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் குதிரையைச் சேர்த்துவிட்டது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் எதைத் தேடிப் போனாலும் எல்லாவற்றையும் வாரி வரும் வலைக்கு அட்டவணை தெரியாது.

ஆகவே தாழை படர்ந்த இடங்களில் இழுவை மடி இறங்கக் கூடாது. கடல் குதிரையைக் காப்பது அதன் பிடிமானத்தைக் காப்பதுதான். தவறி வலையில் உயிரோடு வந்ததை அப்போதே நீரில் விட்டுவிட வேண்டும். அதன் வயிறு உப்பியிருந்தால், கையில் இருப்பது ஓருயிர் அல்ல.