மலை விட்ட வழி

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளம். அத்தனை தூரத்திலும் பெரிய இடைவெளி என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும்: பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் 2,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்க, நடுவே 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் தாழ்ந்த தரை. மிகப் பழைய காலத்திலேயே பாறைகள் நசுங்கி வலுவிழந்த பட்டை இது என்கிறார்கள் நிலவியலாளர்கள்.

ஜூன் மாதத்தில் கோவைக்கு வரும் குளிர்காற்றும் சாரலும் இந்த வாசல் வழியாக நுழைபவை. பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்றுதான். மார்கழியில் திசை மாறிவிடும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் புகுந்து வயல்வரப்புப் பனைகளை உலுக்கும்.

காற்று போன வழியில் மனிதர்களும் போனார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள் பாலக்காட்டில் அக்கிரகாரங்கள் அமைத்தார்கள். வழியைக் கையில் வைத்திருக்க ஹைதர் அலி 1766இல் கோட்டை கட்டினார். 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வாளையாறு மாநில எல்லையானது அதன் பிறகுதான். தமிழர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்’ ஆன எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி பாலக்காட்டை ஒட்டிய ஊர். இந்தத் தமிழ்-மலையாளக் கலப்பைக் கண்ணால் பார்க்க ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டின் கல்பாத்தித் தேருக்குப் போக வேண்டும். முன்னால் நம் ஊர் போலவே வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேர் நகராமல் முரண்டினால், பின்னால் நிற்கும் யானை நெற்றியை முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது.

எனக்குத் தீராத வியப்பு இனிமேல்தான். மனிதர்களைச் சேர்த்த இதே தாழ்நிலம் மலைப் பறவைகளைப் பிரித்துவிட்டது. உச்சிச் சோலைகளின் குளிரில் வாழும் சிரிப்பான் குருவிக்கு இந்த வெப்பச் சமவெளி கடக்க முடியாத கடல். அதனால் வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான் எனத் தனித்தனி இனங்களாகிவிட்டன. இரு பக்க யானைக் கூட்டங்களிடையேயும் மரபணு வேறுபாட்டை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

யானைக்கு இன்று ஊர், வயல், நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் தடை. மதுக்கரை, வாளையாறு பகுதித் தண்டவாளங்களில் எத்தனையோ யானைகள் அடிபட்டுச் செத்தன. மதுக்கரையில் 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தண்டவாளத்தை யானை நெருங்கினால் எச்சரிக்கை போகிறது, ரயில் வேகம் குறைக்கப்படுகிறது.