இல் லொம்பார்டியா

இல் லொம்பார்டியா என்பது வடஇத்தாலியின் லொம்பார்டி பகுதியில் நடைபெறும் ஒருநாள் தொழில்முறைச் சாலை மிதிவண்டிப் போட்டியாகும். லொம்பார்டி சுற்று என்பது இதன் பழைய பெயர். வழக்கமாக அக்டோபரில் நடப்பதால் 'உதிரும் இலைகளின் பந்தயம்' என்றும் அழைப்பர். மிலான்–சான் ரெமோ, பிளாண்டர்சு சுற்று, பாரிசு–ரூபே, லியேச்–பாசுத்தோன்–லியேச் ஆகியவற்றுடன் சேர்த்து, 'நினைவுச்சின்னங்கள்' எனப்படும் ஐந்து பழம்பெரும் ஒருநாள் போட்டிகளுள் இதுவும் ஒன்று.

டூர் டி பிரான்சு போன்ற பலநாள் போட்டியில் ஒருநாள் இழந்த நேரத்தை மறுநாள் ஈடுகட்டலாம். இங்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவை ஒரே மூச்சில் கடந்து முதலில் கோட்டைத் தொடுபவரே வெற்றியாளர்.

1905 இல் முதல் போட்டி நடந்தது. ஜொவான்னி ஜெர்பி சுமார் 40 நிமிட இடைவெளியில் வென்றார். இன்று நொடிக்கணக்கில் முடிவாகும் பந்தயங்களைப் பார்ப்போருக்கு இது வியப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே போட்டி நடக்கவில்லை.

பாதை

அண்மைக் காலத்தில் பந்தயம் பெரும்பாலும் கோமோ, பெர்காமோ நகரங்களுக்கிடையே நடக்கிறது. ஏரிக்கரையிலுள்ள கோமோ, காஞ்சிபுரத்தைப் போலவே பட்டால் பெயர்பெற்ற ஊர். காஞ்சி நெசவாளருக்குக் கருநாடகத்திலிருந்து கச்சாப்பட்டு வருவதுபோல, கோமோவுக்குச் சீனாவிலிருந்து வருகிறது. காஞ்சியில் கைத்தறி, கோமோவில் விசைத்தறியும் சாயமும் அச்சும். ஆனால் நிலஅமைப்பில் இரண்டும் நேரெதிர். காஞ்சி பாலாற்றுச் சமவெளியில் உள்ளது. கோமோவைச் சுற்றிலும் மலைகள். பந்தயத்தின் கடுமை முழுவதும் அந்த மலைகளில்தான் இருக்கிறது.

சோர்மானோ 'சுவர்' அவற்றுள் மிகக் கொடியது. நீளம் 2 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் சரிவு சில இடங்களில் 27 விழுக்காட்டை எட்டும். அதாவது 100 மீட்டர் முன்னே சென்றால் 27 மீட்டர் மேலே ஏற வேண்டும். 1960 இல் அறிமுகமானபோது பல வீரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தனர். மூன்றாண்டுகளில் கைவிடப்பட்ட இந்த ஏற்றம் 2012 இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. 2020 இல் சோர்மானோ இறக்கத்தில் பெல்சிய வீரர் ரெம்கோ எவனபூல் பாலத்தின் கைப்பிடிச்சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பின்னர் மீண்டு வந்து 2022 இல் உலக வாகையரானார்.

கிசால்லோ ஆலயம்

754 மீட்டர் உயரத்தில் கிசால்லோ மாதா சிற்றாலயம் உள்ளது. 1949 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு இம்மாதாவை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே வாகையர்களின் மிதிவண்டிகளும் மேற்சட்டைகளும் காணிக்கையாகத் தொங்குகின்றன. இறந்த வீரர்களுக்காக அணையா விளக்கு எரிகிறது. கோமோவில் பிறந்த பாபியோ கசார்தெல்லியின் மிதிவண்டியும் அங்குண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், 1995 டூர் டி பிரான்சின் இறக்கம் ஒன்றில் தலைக்கவசமின்றி விழுந்து, 24 வயதில் உயிரிழந்தார். தொழில்முறைப் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயமானது 2003 இல்தான்.

சாதனைகள்

இத்தாலியின் பவுசுதோ கொப்பி 1946 முதல் 1949 வரை தொடர்ந்து நான்கு முறையும், 1954 இல் ஒருமுறையும் வென்றார். சுலோவீனியாவின் ததேய் பொகாச்சார் 2021 முதல் 2025 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை வென்று அந்த எண்ணிக்கையைச் சமன்செய்துள்ளார்.