மூக்கிலே ஒரு சிவப்புச் சதை! கிள்ளினால் மீண்டும் முளைக்கும்

காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவருக்குத் திடீரென்று மூக்கில் ரத்தம் கசிந்தால் என்ன ஆகும்? பாவில் ஒரு சொட்டு விழுந்தாலும் சேலை பாழ். சூடு என்று எண்ணி இளநீர் குடிப்பார். ஆனால் ஒரு பக்கத்து மூக்கு மட்டும் அடைத்து, அடிக்கடி ரத்தம் வந்தால் அது சூடு அல்ல. உள்ளே சதை வளர்ந்திருக்கலாம்.

இப்படி வளரும் சதைகளில் ஒன்று 'ரைனோஸ்போரிடியோசிஸ்'. வாயில் நுழையாத பெயர்தான்! உலகில் அபூர்வமான இந்த நோய், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் மிகுதி. நம் மாநிலத்தில் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அதிகம் காணலாம். மாடு குளிக்கும் தேங்கிய குளத்தில் மனிதரும் முங்கிக் குளிக்கும்போது, மூக்கிலுள்ள சிறு கீறல் வழியே கிருமி புகுகிறது என்பது டாக்டர்களின் கருத்து. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை.

சாதாரண நீர்ச்சதை வெளுத்து வழவழப்பாக இருக்கும். இதுவோ மல்பெரிப் பழம்போல் சிவந்து, மேலே ரவை தூவினாற்போல் வெண்புள்ளிகளோடு இருக்கும். தொட்டால் ரத்தம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விதைப்பை. உள்ளே ஆயிரக்கணக்கான வித்துக்கள்! வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்தே நோயை உறுதி செய்கிறார்கள்.

1900-ல் அர்ஜென்டைனாவில் ஸீபர் என்பவர் இதை விவரித்தார். 1923-ல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் இதன் வாழ்க்கைமுறையை ஆராய்ந்தார். நெடுங்காலம் காளான் என்றே நம்பினார்கள். 1999-ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, மீன்களைப் பற்றும் நுண்ணுயிர்களுக்கு இது உறவு என்று காட்டியது. குளத்தோடு சம்பந்தம் இருப்பதில் வியப்பென்ன?

மருந்து மட்டும் போதாது. சதையை வெட்டி, வேர்ப்பகுதியை மின்சாரத்தால் சுட வேண்டும். நாட்டு வைத்தியம் என்று யாரோ கிள்ளி எடுத்தால் வித்துக்கள் சிதறிப் பக்கத்திலும் முளைக்கும். தொண்டையிலும் கண் இமையின் உட்புறத்திலும்கூட வரும். குஷ்டநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்கள் கொடுத்தால் திரும்ப வருவது குறையலாம் என்று டாக்டர்கள் சிலர் அதையும் சேர்க்கிறார்கள்.

வெட்டியபின் 'விட்டது சனி' என்று இருந்துவிடக் கூடாது. மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மீண்டும் தலைகாட்டும். எனவே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவ்வப்போது காட்டி வரவேண்டும். தேங்கிய குளத்தில் முங்குவதையும் விடவேண்டும்.