படகு எஞ்சினின் காற்று வடிகட்டி: கழுவுவதா, மாற்றுவதா?

எஞ்சினுக்கு எரிபொருள் உணவென்றால் காற்று அதன் மூச்சாகும். ஒரு லிட்டர் டீசல் எண்ணெய் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 12 கிலோகிராம் காற்று வேண்டும். கடற்கரையில் இக்காற்று சுமார் 10 கன மீட்டர் இடத்தில் அடங்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரிலோ 11 கன மீட்டர் தேவைப்படும். உயரம் கூடுந்தோறும் அழுத்தம் குறைந்து காற்று மெலிவதே இதற்குக் காரணம். எனவே பெங்களூர் ஏரியில் ஓடும் படகின் எஞ்சின், சென்னைக் கடலில் ஓடும் படகின் எஞ்சினைவிட ஒவ்வோர் இழுப்பிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவான பிராணவாயுவையே பெறுகிறது. இந்நிலையில் வடிகட்டியும் அடைபட்டால் எஞ்சின் திணறுவது இயல்பே.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருமழையால் பெங்களூரின் பல குடியிருப்புகள் நீரில் மூழ்கியபோது, மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் ஏற்றி மீட்கப்பட்டனர். இத்தகைய படகுகள் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்து, திடீரென ஒருநாள் தவறாமல் ஓடவேண்டியவை. அவற்றின் பராமரிப்பில் காட்டும் அலட்சியம் உயிருக்கே கேடாக முடியலாம்.

அடைப்பது எது?

நீர்ப்பரப்பின்மேல் புழுதி குறைவு. ஆதலால் படகின் பின்புறம் மாட்டப்படும் வெளிப்புற எஞ்சின்கள் பலவற்றில் காற்று வடிகட்டியே இராது. ஓசையைத் தணிக்கும் பெட்டி மட்டுமே இருக்கும். ஊழியர் முதலில் கையேட்டைப் பார்த்து வடிகட்டி உண்டா என்பதையும், அது எவ்வகை என்பதையும் அறிய வேண்டும்.

படகினுள் பொருத்தப்படும் எஞ்சின்களில் வடிகட்டியை அடைப்பது பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே கசியும் எண்ணெய் ஆவியாகும். தேயும் பெல்ட்டின் ரப்பர்த் தூளும் துணி இழைகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கடலில் உப்புத் திவலையும், ஏரியில் கரையிலிருந்து வரும் செம்மண் தூசியும் இவற்றோடு சேரும். பெங்களூர்ச் செம்மண், லால்பாக் குன்றில் காணப்படுவது போன்ற தொன்மையான பாறைகள் சிதைந்து உண்டானது. அதில் குவார்ட்ஸ் மணிகள் கலந்துள்ளன. கண்ணுக்குப் புலப்படாத 10 மைக்ரான் அளவுள்ள மணியும் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் அராவிவிடும். அடைபட்ட வடிகட்டி எஞ்சினின் வலிவைக் குறைக்கும். கிழிந்த வடிகட்டியோ எஞ்சினையே தின்றுவிடும்.

வகைக்கேற்ற முறை

கம்பி வலையாலான வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி மீண்டும் பொருத்தலாம். படகில் பெட்ரோல் கொண்டு கழுவுவது பேராபத்து. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் படகின் அடித்தளத்தில் தேங்கித் தீப்பற்றும். உட்பொருத்திய பெட்ரோல் எஞ்சினில் வலை, தீச்சுடர் வெளிப்படாமல் தடுக்கும் காப்பாகவும் அமைவதுண்டு. அதனைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டலாகாது.

எண்ணெய்த் தொட்டி வகையில் பழைய எண்ணெயையும் படிந்த சேற்றையும் அகற்றிக் குறியளவு வரை புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அவ்வெண்ணெயை உறிஞ்சிவிடும். நுரைப் பஞ்சைச் சோப்பு நீரில் கழுவிப் பிழியலாம், முறுக்கலாகாது. உலர்ந்தபின் உற்பத்தியாளர் குறித்திருந்தால் எண்ணெய் தடவலாம். பஞ்சு பொடிந்து உதிரத் தொடங்கினால் மாற்றியே ஆகவேண்டும்.

மடிப்புக் காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது. ஈரத்தால் அதன் நுண்துளைகள் உருக்குலையும். தட்டித் தூசியை உதிர்ப்பதாலும் காகிதமும் விளிம்பும் பழுதடையக்கூடும். எண்ணெயோ உப்பு நீரோ ஊறிய காகிதத்தை மாற்றுவதே முறை. புதிய காகிதத்தின் விலை, பிஸ்டன் வளையங்களை மாற்றும் செலவில் மிகச் சிறு பகுதியே.

எப்பொழுது மாற்றுவது?

சிறிதளவு தூசி படிந்த காகிதம், புதிய காகிதத்தைவிட நுண்ணிய தூசியை நன்றாகத் தடுக்கும். படிந்த தூசியே மற்றொரு வடிகட்டியாகிவிடுகிறது. எனவே அடிக்கடி கழற்றிப் பார்ப்பது நன்மையன்று. கழற்றும்போதெல்லாம் தூசி உள்ளே புக இடமுண்டு.

அடைப்பை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில், நீர் நிரப்பிய 'யூ' வடிவக் குழாயின் ஒரு முனையை இணைத்து, மறுமுனையைத் திறந்து விடவேண்டும். எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது நீர்மட்டங்களின் வேறுபாடு அடைப்பின் அளவைக் காட்டும். கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 25 அங்குல வேறுபாடு எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அந்தந்த எஞ்சினுக்குரிய எல்லையைக் கையேட்டில் காண்க. வாயு அழுத்தம் பற்றிய பாடத்திற்கு ஆசிரியர்களும் இச்சோதனையை எடுத்துக்காட்டலாம்.

சுமையில் கரும்புகை எழுந்து, வேகம் தளர்ந்து, டீசல் செலவு கூடினால் முதலில் வடிகட்டியைச் சோதிக்க வேண்டும். தெளிப்புப் பம்பு நுட்பமாக இழைத்துப் பொருத்தப்பட்டது. காற்று வழியைப் பாராமல் அதைப் பிரிப்பது வீண் செலவு.

மீட்புப் படகு வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் வடிகட்டி கழுவிய நாளும் மாற்றிய நாளும் பதிவேட்டில் குறிக்கப்படவேண்டும். ஈரம் புகாத உறையில் ஒரு மாற்று வடிகட்டியும் மழைக்காலத்திற்கு முன்பே இருப்பில் இருக்க வேண்டும்.