கம்மாலைக்கு வரும் காஸ்

யாழ்ப்பாணத்துக் கம்மாலைகளில் சத்தகமும் மண்வெட்டியும் கரித்தணலில் பழுத்து வந்தவை. கரியை விட்டுக் காஸ் உலைக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் காஸை வீணாக்கும் உலைதான் ஆளையும் கொல்லும்.

ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும்; பியூட்டேனுக்கு 31. காற்றுக் குறைந்தால் எரியாத காஸ் உலைவாயில் நீண்ட மஞ்சள் சுவாலையாக வெளியே வரும். கூடவே காபனோரொட்சைட்டும் வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, வாந்தி, மயக்கம், பிறகு மரணம். மாரி மழைக்காகக் கதவைச் சாத்திவிட்டு உலை மூட்டவே கூடாது. கசியும் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தேங்கும். ஆகவே சுவரின் அடியிலும் திறப்பு வேண்டும்.

இரும்பு அடிக்க 1,100 முதல் 1,250 பாகை செல்சியஸ் போதும். செய்யும் கத்திக்கு அளவான சின்ன உலையறை, உள்ளே செராமிக் பஞ்சு, அதன்மேல் தீக்களிப் பூச்சு. பூசாமல் விட்டால் பஞ்சின் நுண்ணிழைகள் நெஞ்சுக்குள் போகும். பழைய பஞ்சை நனைத்து, சுவாசக் கவசம் போட்டே பிடுங்குங்கள்.

வீட்டு அடுப்பின் ரெகுலேற்றரையும் குழாயையும் உலைக்குப் பூட்டாதீர்கள். உயரழுத்தத்துக்கென்று செய்தவையே வேண்டும். வேகமாகக் காஸ் இழுத்தால் சிலிண்டரில் பனி பூக்கும், அழுத்தம் இறங்கும். அப்போது சிலர் சிலிண்டருக்கே நெருப்புக் காட்டுகிறார்கள். அது வெடிகுண்டைக் காய்ச்சுவதுதான். பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.

வாங்கும் காஸின் தரமும் நம் உரிமை. 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்துத் தீப்பிடித்தன. ஜனாதிபதி நியமித்த குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதையே முக்கிய காரணமாகக் கண்டது. சிலிண்டரோ ரெகுலேற்றரோ பழுதென்றால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போங்கள். தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

யாராவது சுருண்டு விழுந்தால் முதலில் காஸைப் பூட்டி, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கூலிக்கு நிற்பவருக்குக் காயமென்றால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. முதலாளி மருந்துச் செலவு தந்ததோடு முடிகிற விடயமல்ல அது. ஆஸ்பத்திரித் துண்டையும் சம்பளம் வாங்கியதற்கான சான்றையும் பத்திரப்படுத்தி, தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள்.