சரக்கு வேன்களைத் திருட்டினின்று காக்கும் முறைகள்

முற்காலத்தில் குடியானவரின் அசையும் சொத்துக்களுள் முதன்மையானது உழவு மாடு. அது களவு போகாதிருக்கும் பொருட்டுப் பெரியோர் நான்கு ஏற்பாடுகளைக் கைக்கொண்டிருந்தனர். தொழுவத்திற்குக் கதவிட்டனர்; மாட்டின் கழுத்தில் மணி கட்டினர்; உடலில் சூட்டுக்குறி இட்டனர்; திண்ணையில் ஓர் ஆளைப் படுக்க வைத்தனர். கதவு திருடனைத் தாமதப்படுத்தும். மணி சத்தமிடும். குறியானது, மாடு எந்தச் சந்தைக்குப் போனாலும் உடையவர் இன்னாரெனக் காட்டிக் கொடுக்கும். படுத்திருக்கும் ஆள் கண்ணாக இருப்பான்.

இக்காலத்தில் அந்த இடத்திற்கு, ஜனங்கள் குட்டியானை என்று வழங்கும் சிறு வண்டியும் அதனினும் பெரிய சரக்கு வேனும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவை ஒட்டன்சத்திரம், கோயம்பேடு முதலிய சந்தைகளுக்குக் காய்கறி ஏற்றிச் செல்கின்றன. திரும்புங்கால் உரம், விதை, மருந்து தெளிக்கும் கருவி, பம்புசெட்டு மோட்டார், செம்புக் கம்பி ஆகியவற்றையும், சில சமயம் விற்றுமுதலையும் கொண்டு வருகின்றன. அவ்வண்டிகளிற் பல கடனுக்கு வாங்கப்பட்டவை. வண்டி களவு போனாலும் தவணை போகாது. அவ்வாறிருந்தும், மாட்டிற்குச் செய்த காவலில் பாதியேனும் வேனுக்குச் செய்யப்படுவதில்லை. மேற்சொன்ன நான்கு ஏற்பாடுகளையும் இவ்வண்டிகளுக்குப் பொருத்தும் வழி இங்கே கூறப்படுகிறது. செலவு பெரும்பாலும் சொற்பமே.

தாமதம் உண்டாக்குதல்

உடைக்க முடியாத பூட்டு உலகத்தில் இல்லை. பூட்டின் வேலை திருடனை அடியோடு தடுப்பதன்று; அவனுக்குத் தாமதம் உண்டாக்குவதே. ஒரு நிமிஷத்தில் முடியுமென்று எண்ணி வந்தவனுக்குப் பத்து நிமிஷம் பிடிக்குமாயின், அவன் அந்த வண்டியை விட்டு விலகவே விரும்புவான். ஆகவே ஒரே பூட்டை விலையுயர்ந்ததாக வாங்குவதைவிட, வெவ்வேறு வகையான தடைகள் இரண்டு மூன்று இருப்பது நலம்.

மூடிய வேன்களின் பின்கதவில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பூட்டு பெரும்பாலும் வலுவற்றது. அதனுடன் தனியாக ஒரு நாதாங்கி பொருத்திக்கொள்ள வேண்டும். நாதாங்கியைச் சிறு திருகாணிகளால் முடுக்கினால், கடப்பாரையின் ஒரே நெம்பலில் பெயர்ந்து வரும். கதவின் தகட்டை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளைப் பூட்டி, உட்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையும் நட்டும் வைத்து இறுக்க வேண்டும். போல்ட்டின் வெளித்தலை உருண்டையாக இருத்தல் நன்று. இடுக்கி அதைப் பற்றாது. பூட்டின் வளைவுக் கம்பி கடினமாக்கிய எஃகினால் ஆனதாயும், வெளியே அதிகம் தெரியாததாயும் இருத்தல் வேண்டும். வெட்டும் கருவி நுழைய அப்போது இடமிராது. கதவின் கீல்களும் கவனிக்கத்தக்கன. கீலின் ஆணி வெளிப்புறம் தெரியுமாயின், பூட்டைத் தொடாமலே ஆணியைத் தட்டி எடுத்துக் கதவைக் கழற்றி விடலாம். பற்றவைப்புப் பட்டறையில் அந்த ஆணியின் முனையை ஒட்டிவிடுதல் சிறு வேலை.

வண்டியையே ஓட்டிச் செல்லாமல் தடுப்பதற்கு, புதிய வண்டிகள் பலவற்றில் இம்மொபிலைசர் என்னும் சாதனம் அமைந்துள்ளது. சாவியின் தலையிலுள்ள சிறு சில்லை வண்டி அறிந்துகொண்டாலன்றி எஞ்சின் ஓடாது. பழைய வண்டிகளில் இது இல்லை. அவற்றில் மறைவான இடத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு பொருத்துவது வழக்கம். எஞ்சின் ஓடும்போது இதைத் துண்டிக்கலாகாது. மின்சார உறுப்புகள் கெடும். பழைய டீசல் எஞ்சின்களுள் சில, பேட்டரி இல்லாமலே தள்ளிவிட்டால் ஓடக்கூடியவை. அவ்வகை வண்டிக்கு, அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு டீசல் குழாயில் ஓர் அடைப்பு வால்வும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஸ்டீயரிங்கிலோ கியர்த் தண்டிலோ மாட்டும் இரும்புப் பூட்டு கண்ணாடி வழியே வெளியே தெரியுமாதலால், திருடனை அணுகுமுன்பே யோசிக்கச் செய்யும்.

இவையாவும் சாவியின் முன் பயனற்றவை. சாமான் இறக்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். ரிமோட்டினால் பூட்டுவோர், பொத்தானை அழுத்தியதோடு நில்லாமல் கதவின் பிடியை இழுத்துப் பார்த்தல் அவசியம். ரேடியோ அலையைக் குறுக்கிட்டுக் கதவு பூட்டாதபடி செய்யும் கருவிகளும் உண்டு.

கண்ணும் சத்தமும்

இரவில் வண்டியை நிறுத்தும் விதத்திற்குக் காசு செலவில்லை. பின்கதவு சுவரை ஒட்டி இருக்குமாறு பின்னோக்கி நிறுத்தினால், பூட்டை உடைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. பக்கக் கதவு உள்ள வண்டியில் அந்தப் பக்கம் வீட்டையோ விளக்கையோ நோக்கியிருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்பி ஸ்டீயரிங்கைப் பூட்டி வைத்தால் இழுத்துச் செல்வதும் கடினமாகும்.

வண்டிக்குள் பை, கைப்பேசி, கருவிப்பெட்டி எதுவும் கண்ணில் படலாகாது. வெறும் பையே ஆயினும் உள்ளே யாது உளதென்று திருடன் அறியான். அதன் பொருட்டே கண்ணாடியை உடைப்பான். மருந்து தெளிக்கும் கருவியையும் மோட்டாரையும் இரவில் இறக்கி வீட்டில் வைத்தல் சிரமமாயினும் உத்தமம். இறக்கிவிட்ட வண்டியின் சாமான் பகுதி காலியென்பது வெளியே தெரியும்படி இருப்பதும் ஒரு காவலே.

கேமரா வைப்போர் வண்டியை மட்டும் பார்க்கும்படி வையாமல், வண்டிக்கு வரும் பாதையில் ஆளின் முகம் தெரியும்படி தாழ்வாக ஒன்று வைத்தல் வேண்டும். பதிவுப் பெட்டியைத் திருடன் எடுத்துப் போகாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பழைய பதிவுகள் சில நாட்களில் தாமே அழிந்து புதியவை ஏறுமாதலால், களவு தெரிந்தவுடன் பிரதி எடுத்தல் அவசியம்.

அடையாளம்

மாட்டின் சூட்டுக்குறிக்கு ஈடாக வண்டியில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உள்ளன. அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகள் உயர்பாதுகாப்பு எண் பலகையுடன் வருகின்றன. அதைப் பிடித்திருக்கும் ஆணியைச் சிதைக்காமல் கழற்றி மறுபடி பூட்ட முடியாது. கருவிகளுக்கோ இத்தகைய எண்பலகை இல்லை. ஆதலால் மோட்டாரின் மேலும் தெளிப்பானின் மேலும் உடையவர் பெயரின் முதலெழுத்தும் ஊரும் வெளியே தெரியும் ஓரிடத்திலும் மறைவான ஓரிடத்திலும் வெட்டுளியால் பொறித்து, படம் எடுத்து வைத்தல் நலம். குறியிட்ட பொருளைப் பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார். போலீசார் கைப்பற்றிய பொருளைத் தமதென்று நிரூபிக்கவும் அக்குறி உதவும்.

ஆர்.சி. புத்தகத்தின் அசலை வண்டியில் வைத்தல் கூடாது. களவாடியவனிடமே உரிமைச் சீட்டைக் கொடுத்ததாக முடியும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகியவற்றில் கைப்பேசியிற் காட்டும் பிரதி அசலுக்கு ஒப்பானதென்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது.

வண்டி இருக்குமிடத்தைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் ஜி.பி.எஸ். கருவி பொருத்துவோர், அதன் சிம் கார்டுக்குரிய தொகை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கருவி காட்டும் இடத்திற்கு உடையவர் தாமே ஆட்களுடன் செல்வது அபாயம். அந்தச் செய்தியைப் போலீசாருக்குக் கொடுப்பதே முறை.

வண்டியில் உறங்குவோர்

சந்தை திறக்கும்வரை வேனிலேயே உறங்கும் ஓட்டுனர்கள் பலர். ஐரோப்பிய தேசங்களில் படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் ஹோம் என்னும் வண்டிகளில் குடும்பத்துடன் பிரயாணம் செய்வோர் இவ்விஷயத்தில் அனுபவம் பெற்றவர். அவ்வண்டிகளின் ஜன்னல்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினாலானவை, வாசற்கதவும் மெல்லியது. ஆகவே அவர்கள் கூடுதல் தாழ்ப்பாள்கள் பொருத்துகின்றனர். முன்பக்கத்து இரண்டு கதவுகளின் பிடிகளையும் உள்ளே ஒரு வலுவான பட்டையால் இணைத்துக் கட்டுகின்றனர். நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்துமிடங்களில் இரவு தங்குவதைத் தவிர்த்துக் காவலுள்ள இடங்களை நாடுகின்றனர். ஆபத்தில் உடனே புறப்படும் பொருட்டு ஓட்டுனர் ஆசனத்தில் எதுவும் வைப்பதில்லை. இவை யாவும் சந்தைக்குச் செல்லும் வேனுக்கும் பொருந்தும். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டுதல் ஒருபோதும் கூடாது. தீப்பற்றினால் தப்ப வழியிராது.

திருடர் மயக்கவாயுவை வண்டிக்குள் செலுத்திவிட்டுக் களவாடினர் என்னும் பேச்சு அந்நாடுகளில் அடிக்கடி எழுவதுண்டு. பிரிட்டனிலுள்ள மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2014ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து, உறங்குவோர் விழிக்காதபடி அவ்வாறு செய்வது நம்பத்தக்கதன்று எனத் தெரிவித்தது. ஈதரின் நெடியே ஆளை எழுப்பிவிடும். வண்டி நிரம்புவதற்கு வேண்டிய அளவும் மிக அதிகம். இத்தகைய பேச்சை நம்பி அஞ்சுவோர், பூட்டாத கதவைக் கவனியாமல் விடுகின்றனர் என்பதே அதனால் விளையும் தீங்கு.

ஊரார் சேர்ந்து செய்ய வேண்டியது

தனி ஒருவர் தம் வண்டியை மட்டும் காத்துக்கொள்வது போதாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1963ஆம் ஆண்டில், பழைய கார், புதிய கார் என்ற பேதமின்றி எல்லாவற்றிற்கும் ஸ்டீயரிங் பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. கார்த் திருட்டு அங்கே வெகுவாகக் குறைந்தது. பிரிட்டனிலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் அப்பூட்டு பொருத்தப்பட்டது. புதிய கார்கள் பிழைத்தன. ஆனால் திருடர் பூட்டில்லாத பழைய கார்களை நாடிச் சென்றமையால், தேசத்தின் மொத்த நஷ்டம் அப்போது எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஒரு வயலில் மட்டும் எலி பிடித்தால் எலிகள் அடுத்த வயலுக்குச் செல்வது போன்றதே இது.

ஆகையால் பத்து வேன்கள் உள்ள ஊரில் ஒன்பதிற்கு நாதாங்கி போட்டு ஒன்றை விடுவது, அந்த ஒன்றின் உடையவரைத் திருடனுக்குக் காட்டிக் கொடுப்பதாகும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் இதில் முன்னின்று செய்யக்கூடியவை பல. வீட்டில் இடமில்லாதோர் வண்டிகளைச் சேர்த்து நிறுத்துவதற்குத் தெருவிளக்குள்ள பொது இடமொன்றைக் குறிக்கலாம். எரியாத விளக்கை உடனே மாற்றச் செய்யலாம். உடையவர்களின் சம்மதத்தின்மேல் வண்டி எண்களின் பட்டியலொன்று வைத்திருக்கலாம். ஒரு பற்றவைப்பாளரை வரவழைத்து எல்லா வேன்களுக்கும் ஒரே நாளில் நாதாங்கி பொருத்தினால் கூலியும் குறையும். அறுவடைக் காலத்தில் முறை வைத்து இரவுக் காவல் இருப்பது ஊர்களுக்குப் புதிதன்று.

களவு போனபின்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் களவு நேர்ந்துவிடின், உடைந்த இடத்தைத் தொடாமல் 112 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவின்படி, சரக்கு அல்லது பிரயாணிகளை ஏற்றும் வாகனத்தைத் திருடுவதற்கும், அதிலுள்ள பொருளைத் திருடுவதற்கும் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே நாளில் அமலான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்க இடமளிக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியையும் இலவசமாகப் பெறலாம். வெளியூர்ச் சந்தையில் வண்டியைப் பறிகொடுத்தவர் இதை நினைவில் வைத்தல் நன்று.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதமின்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒரு டிராக்டர் களவு போன வழக்கில், போலீசுக்கு உடனே அறிவித்திருக்கும்போது கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்தால் நஷ்டஈட்டை மறுத்தல் தகாதென்று சுப்ரீம் கோர்ட் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனமன்று. மூன்றாம் நபருக்குரிய இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்குக் களவின் பொருட்டு ஒன்றும் கிடைக்காது என்பதையும், கம்பெனியார் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் குடியானவர் அறியாததன்று. ஒரு நாதாங்கி, ஒரு நல்ல பூட்டு, ஒரு மறைவான சுவிட்சு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிய இரண்டு எண்கள் ஆகியவற்றை அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொருவரும் செய்து முடித்து, அண்டை வீட்டாரும் செய்யும்படி தூண்டுவாராயின், உழைத்து ஈட்டிய பொருள் ஊரிலேயே நிலைக்கும்.