வேலியில் விளைந்த கனி

நுழையும்முன்

விதைத்தவர் யார் என்று எவரும் அறியாத மரங்கள் சில நம் ஊர்களில் உண்டு. பறவைகள் விதைக்க, மழை வளர்க்க, வேலியோரங்களில் அவை நின்றன. வேலிகள் மறைந்தபோது அவையும் மறையத் தொடங்கின. அத்தகைய மரம் ஒன்றை வீட்டுத் தோட்டத்திற்கு அழைத்து வருவது எப்படி என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் வடிவமும்

‘கொடு’ என்னும் சொல்லுக்கு ‘வளைந்த’ என்பது பொருள். வில்லைக் ‘கொடுமரம்’ என்று வழங்குவதும் இதனால்தான். சுருண்டு வளைந்த காயும், புளியம்பழத்தை ஒத்த தோற்றமும் உடைய மரத்திற்குக் கொடுக்காய்ப்புளி என்னும் பெயர் பொருத்தமாக அமைந்தது. கோணப்புளியங்காய், கோணக்காய் எனவும் இதனை அழைப்பர்.

பச்சை நிறக் காய் முற்றும்போது செந்நிறம் ஏறி வெடிக்கும். உள்ளே கரிய விதைகளைச் சுற்றி வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சதை இருக்கும். இனிப்பும் சிறிது துவர்ப்பும் உடைய இச்சதையே உண்ணும் பகுதி. விதையின் கரிய மேல்தோலை, அடியிலுள்ள பழுப்புத்தோல் சிதையாமல் உரித்தெடுப்பது சிறுவர்களின் போட்டி விளையாட்டாக இருந்தது.

கடல் கடந்த பயணம்

ஊர்மரமாகவே நாம் கருதும் இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த அமெரிக்க நிலப்பகுதிகளும் ஆகும். ஸ்பானியர் வழியாகப் பிலிப்பைன்சை அடைந்து, பின்னர் இந்தியாவிற்கு வந்தது. ஆங்கிலத்தில் இதனை ‘மணிலாப் புளி’ என வழங்குவது அப்பயணத்தின் அடையாளம். தாவரவியலறிஞர் வில்லியம் ராக்ஸ்பரோ 1795ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் இம்மரத்தை விவரித்தார். அமெரிக்க மரம் ஒன்று நம் கடற்கரையிலிருந்து அறிவியல் உலகிற்கு அறிமுகமானது வியப்பிற்குரியது.

தெரிந்து தெளிவோம்

இதன் அறிவியல் பெயர் பித்தெசெல்லோபியம் டல்சி. முதற்சொல் கிரேக்க மொழியில் ‘குரங்கின் காதணி’ என்றும், இரண்டாம் சொல் இலத்தீனில் ‘இனிமையானது’ என்றும் பொருள்படும்.

வறட்சியில் வாழும் திறம்

திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற சமவெளி ஊர்களில் கோடை கடுமையானது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிறது. இச்சூழலைத் தாங்கும் ஆற்றல் கொடுக்காய்ப்புளிக்கு உண்டு. இது அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துவதால், வளம் குறைந்த மண்ணிலும் இம்மரம் தழைக்கிறது. முட்கள் வேலிக்கும், தழை ஆட்டுக்கும், கனி கிளிக்கும் அணிலுக்கும் பயன்பட்டன. உயிர்வேலிகளின் இடத்தில் கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் எழுந்தபின், பறவை இட்ட விதை முளைக்கும் இடம் குறைந்தது.

வீட்டில் வளர்ப்போம்

நன்கு பழுத்த கனியின் விதையிலிருந்து சதையை நீக்கிக் கழுவ வேண்டும். இல்லையெனில் எறும்புகள் மொய்க்கும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்த பையில் விரற்கணு ஆழத்தில் ஊன்றினால் சில நாள்களில் முளைக்கும். இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மழைக்காலத் தொடக்கத்தில் கன்றை நடலாம். முதல் கோடையில் நீர் ஊற்றுவது இன்றியமையாதது; தண்டைச் சுற்றி நீர் தேங்கலாகாது.

விதைக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். தாய்மரத்தின் சுவை அதில் அப்படியே அமையும் என்று உறுதி கூற இயலாது. விரைவும் சுவையும் வேண்டுவோர் நல்ல மரத்திலிருந்து உருவாக்கிய ஒட்டுக்கன்றை நாடலாம். கிளைகள் காற்றில் முறியக்கூடும்; முட்களும் உண்டு. ஆதலால் சுவருக்கும் நடைபாதைக்கும் விலகி நட்டு, தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட வேண்டும். தானே பரவும் இயல்பினால் ஹவாய்த் தீவுகளில் இது களையாகக் கருதப்படுகிறது. எனவே, வேண்டாத இடத்தில் முளைக்கும் கன்றுகளை இளமையிலேயே அகற்றுவது நம் பொறுப்பு.

தாமே வளரும் என்று நாம் கவனியாது விட்டவையே முதலில் மறைகின்றன. நேற்று வரை பறவைகள் செய்த பணியை இனி நாமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு விதையும் ஒரு குழியும் முதல் கோடைக்கு வேண்டிய நீரும் போதும்.